ஒட்டிய விழியும் ஒளித்திருத்தமும்

ஒட்டு என்னுஞ் சொல் நம்மவர்க்குப் புதிதன்று. வீட்டு வளவிலே கறுத்தக்கொழும்பான் மாமரம் வைக்க விரும்புவோர் விதையினின்று முளைத்த கன்றை நாடார். ஒட்டுக்கன்றையே தேடிப் பெறுவர். அதன் வேரும் அடியும் ஒரு மரத்துக்குரியன. கிளையுங் கனியும் மற்றொரு மரத்துக்குரியன. இரண்டும் ஒன்றாய்ப் பொருந்தி ஆண்டுகள் பல சென்ற பின்னரும், ஒட்டிய இடத்தைக் கையால் தடவிப் பார்ப்பவர் ஆங்கொரு தழும்பு இருத்தலை உணர்வர். மனிதர் கண்ணிலும் இத்தகைய ஒட்டு வைக்கப்படுகின்றது. இறந்தார் ஒருவருடைய கண்ணின் முன்படலம் இருப்பார் ஒருவருடைய கண்ணிலே பொருத்தப்பட்டு, இருளில் இருந்தவர்க்கு ஒளி தருகின்றது. அங்ஙனம் ஒட்டப்பட்ட விழியிலும் தழும்பு உண்டு. அத்தழும்பை மறந்து, பார்வையை மேலும் கூர்மையாக்கும் பொருட்டு அதே விழியில் இரண்டாம் முறை கருவி வைப்போர்க்கு நேரக்கூடிய இடர்கள் யாவை என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

தமிழாசிரியர்க்குக் கண்வைத்தியத்தில் என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். நாம் வைத்தியர் அல்லேம்; எவர்க்கும் மருந்து கூறவும் முன்வந்தேம் அல்லேம். ஆயினும் சத்திரசிகிச்சைக்கு முன்னர் நோயாளி கையொப்பம் இடும் ஒப்புதற் பத்திரம் சொற்களால் ஆயது. அச்சொற்களின் பொருள் விளங்காது கையொப்பமிடுபவர், வாசியாத உறுதியிற் கைந்நாட்டு வைத்தவரையே ஒப்பர். சொல்லின் பொருளை விளக்குதல் நம் தொழில். ஆதலின் இப்பாடத்தை எழுதத் துணிந்தேம்.

விழிவெண்படலத்தின் இயல்பு

கண்மணிக்கு முன்னே, கைக்கடிகாரத்தின் முகக்கண்ணாடி போலக் குவிந்து நிற்கும் ஒளிபுகு படலமே விழிவெண்படலம். தமிழகத்தார் அதனைக் கருவிழி என வழங்குவர். ஒரே உறுப்பை ஒரு சாரார் வெண்மை சுட்டியும் மற்றொரு சாரார் கருமை சுட்டியும் அழைப்பது வியப்பே. உண்மையில் அதற்கு எந்நிறமும் இல்லை. பின்னே உள்ள கதிராளியின் கருமை அதனூடே தெரிவதாற் கருவிழி என்னும் பெயர் பொருந்துகின்றது.

இப்படலத்தின் நடுப்பகுதியின் தடிப்பு ஏறத்தாழ 0.54 மில்லிமீற்றர். அரை மில்லிமீற்றரளவான இம்மெல்லிய படலத்தினுள்ளே ஐந்து அடுக்குகள் உள. அவற்றுள் மூன்றை நாம் நினைவிற் கொள்ளுதல் போதும். வெளியே இருப்பது மேலணி. காயம்பட்டால் விரைவில் வளர்ந்து மூடுவது. நடுவே இருப்பது இடைப்படை. தடிப்பில் பத்தில் ஒன்பது பங்கு அதுவே. உள்ளே இருப்பது அகவணி. ஒற்றை வரிசைக் கலங்களால் ஆயது. அகவணிக் கலங்கள் கண்ணினுள்ளே உள்ள நீர் இடைப்படையிற் புகுந்து தேங்காதவாறு ஓயாது இறைத்துக்கொண்டே இருக்கும். துலா மிதிப்பார் ஓய்ந்தால் வயலில் நீர் வற்றும். இங்கே இறைப்பார் ஓய்ந்தாற் படலத்தில் நீர் பெருகி ஊதிப் பனிமூட்டம் போல் மங்கிவிடும். அக்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மனிதர்க்கு மீளப் பெருகுவதில்லை. எஞ்சியவை விரிந்து இடத்தை நிரப்பும். இளம் பருவத்தில் ஒரு சதுர மில்லிமீற்றரில் ஏறத்தாழ 3000 கலங்கள் உள. அத்தொகை சில நூறாகக் குறையுங்காற் படலம் தெளிவிழக்கும்.

கண்ணுட் புகும் ஒளியை முறித்து விழித்திரையிற் குவிப்பதில் முதலிடம் வில்லைக்கே உரியது எனப் பலர் எண்ணுவர். அஃது அன்று. கண்ணின் மொத்த வலு ஏறத்தாழ 60 தயொத்தர். அதில் 43 தயொத்தர் அளவு விழிவெண்படலத்தாலேயே வருகின்றது. தயொத்தர் என்பது மூக்குக்கண்ணாடி விற்போர் ‘பவர்’ என்று கூறும் அளவே. இப்படலத்தின் வளைவில் நூலிழையளவு மாற்றம் நேரினும் பார்வை பெரிதும் மாறுவதன் காரணம் இதுவே. படலம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வளைந்திராது, ஒரு திசையிற் கூடுதலாகவும் குறுக்குத் திசையிற் குறைவாகவும் வளைந்திருப்பின், ஒளி ஒரு புள்ளியிற் குவியாது. இக்குறையை வைத்தியர் ‘அஸ்டிக்மாற்றிசம்’ என்பர். கண்ணாடிச் சீட்டில் ‘சிலிண்டர்’ என எழுதப்படுவதும் இதுவே. நாம் இதனை வளைவுச் சமமின்மை எனக் கூறுவோம். பந்து எப்பக்கமும் ஒன்றாய் வளைந்தது. முட்டையின் பக்கம் அங்ஙனம் அன்று. வேறுபாடு அவ்வளவே.

ஒட்டு முறை வந்த வரலாறு

1905 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 7 ஆந் திகதி, அக்காலத்து ஒஸ்திரிய ஆட்சிக்கு உட்பட்டிருந்ததும் பின்னர் செக் நாட்டைச் சேர்ந்ததுமான ஒலோமோட்ஸ் நகரில், எடுவார்ட் சிர்ம் என்னும் வைத்தியர் முழுத்தடிப்பான விழிவெண்படல ஒட்டை வெற்றியுறச் செய்தார். சுண்ணாம்பு பட்டு இரு கண்ணும் மங்கிய அலோயிஸ் குளோகார் என்னும் தொழிலாளிக்கு, காயத்தால் அகற்ற நேர்ந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனது கண்ணினின்று எடுத்த படலம் பொருத்தப்பட்டது. ஒரு கண்ணில் வைத்தது பயன்படவில்லை. மற்றையது தெளிந்து நின்றது. அத்தொழிலாளி தம் வேலைக்குத் திரும்பினார். பின்னர் 1930களில் ஒடெசா நகரத்து விளாடிமிர் பிலாற்றொவ் என்பார் இறந்தார் கண்ணினின்று பெற்ற படலத்தைப் பெருமளவிற் பயன்படுத்திக் காட்டினார். அதன் பின்னரே கண்தானம் என்னும் அறம் உலகிற் பரவலாயிற்று.

இவ்வறத்தில் நம் நாடு பின்னிற்கவில்லை என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. வைத்தியர் ஹட்சன் சில்வா அவர்கள் 1961 ஆம் ஆண்டில் இலங்கைக் கண்தானச் சங்கத்தை நிறுவினார். தம் அன்னையார் மறைந்த காலத்து அவர்தம் கண்களையும் பிறர்க்கு ஈந்தவர் அவர். 1964 ஆம் ஆண்டில் இங்கிருந்து சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. அது தொடக்கம் பல்லாயிரம் விழிவெண்படலங்கள் பல நாடுகளுக்குச் சென்றுள்ளன. காளத்தியிற் கண்ணப்பர் கண்ணிடந்து அப்பிய வரலாற்றைச் சைவச் சிறார் அறிவர். சிவி மன்னன் கண்ணீந்த சாதகக் கதையைப் பௌத்தச் சிறார் அறிவர். கதையிற் கேட்டதைக் கைக்கொண்டு ஒழுகியவர் பலர் வாழ்ந்த நாடு இது. ஆதலின் ஒட்டப்பட்ட விழி ஒன்று பழுதாகுங்கால், இழக்கப்படுவது ஒருவர் பார்வை மாத்திரம் அன்று. பெயரறியாத ஒருவர் விட்டுச் சென்ற கொடையும் அதனோடு இழக்கப்படுகின்றது.

நிலைமொழியும் வருமொழியும்

முழுத்தடிப்பு ஒட்டில் நோயாளியின் மங்கிய படலத்தின் நடுப்பகுதி 7 முதல் 8 மில்லிமீற்றர் வரையான வட்டமாக வெட்டி எடுக்கப்படும். கொடையாளியின் படலத்தினின்று அதே அளவான, அன்றிச் சற்றே பெரிதான வட்டம் எடுத்து அவ்விடத்தில் வைத்து, தலைமயிரினும் மெல்லிய நைலோன் இழையால் வட்டஞ் சுற்றித் தைப்பர்.

நன்னூலார் இரு சொற்கள் சேரும் சேர்க்கையை இயல்பு, விகாரம் என இரண்டாக வகுத்தார். விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும். நோயாளியின் கண்ணை நிலைமொழி என்றும் கொடையாளியின் படலத்தை வருமொழி என்றும் கொண்டால், இவ்வொட்டின் விளைவுகளை மாணவர் எளிதில் நினைவிற் கொள்ளலாம். இயல்பாய்ப் புணர்வது அரிது. பழைய படலத்தில் இல்லாத தழும்பும் புதுக் குருதிக் குழாய்களும் வருவது தோன்றல். வளைவு மாறுவது திரிதல். உடலின் நிர்ப்பீடனம் வந்ததை அயலெனக் கொண்டு தாக்க, ஒட்டு தெளிவிழந்து போவது கெடுதல்.

இவற்றுள் மிகப் பரந்து காணப்படுவது திரிதலே. வட்டஞ் சுற்றி இட்ட தையல்கள் யாவும் ஒரே இறுக்கமாய் அமைதல் எத்துணைக் கைதேர்ந்தார்க்கும் அரிது. வெட்டிய வட்டமும் வைத்த வட்டமும் அணுவளவு வேறுபடினும், தழும்பு ஒருபுறம் தடித்து ஒருபுறம் மெலியினும், படலம் இழுபட்டு வளைவுச் சமமின்மை உண்டாகின்றது. ஒட்டு முற்றுந் தெளிந்து நின்ற கண்களிலும் 4 அல்லது 5 தயொத்தர் அளவான சமமின்மை எஞ்சுதல் பொதுவாகக் காணப்படுவது. சிலரிடத்து அதனினும் மிகும். ஒட்டு வெற்றி, பார்வை குறை என்னும் இந்நிலை நோயாளியின் உள்ளத்தை வருத்துவது. கண்ணாடி போற் படலம் தெளிந்திருக்கின்றது என வைத்தியர் மகிழ்வார். பேருந்தின் பெயர்ப்பலகையை வாசிக்க முடியவில்லையே என நோயாளி ஏங்குவார். இருவர் கூற்றும் உண்மையே.

திருத்தும் வழிகள்

இக்குறையைத் திருத்தப் பல வழிகள் உள. அவற்றை எளியன முதல் அரியன ஈறாக வரிசைப்படுத்துதல் நன்று.

முதலாவது மூக்குக்கண்ணாடி. சமமின்மை சிறிதாயின் இதுவே போதும். ஆயின் இரு கண்களின் வலுவும் பெரிதும் வேறுபடின், இரு கண்ணிலும் தோன்றும் விம்பங்கள் அளவில் வேறுபட்டு மூளையில் ஒன்றிணையா. தலையிடியும் இரட்டைக் காட்சியும் உண்டாகும்.

இரண்டாவது விறைப்பான தொடுகை வில்லை. அது தன் சீரான வளைவைப் படலத்தின் சீரற்ற வளைவின் மேல் வைத்து, இடைவெளியைக் கண்ணீரால் நிரப்பிக் குறையை மறைத்துவிடும். கத்தியின்றித் தரப்படும் பார்வைகளுட் பலவேளை இதுவே சிறந்தது. எனினும் வெயிலிலும் புழுதியிலும் தொழில் செய்வோர்க்கும், வில்லையைக் கண் பொறாதோர்க்கும் இது கைகொடாது.

மூன்றாவது தளர்த்தும் வெட்டு. மிகுதியாக வளைந்த திசையிற் படலத்தில் ஆழ்ந்த சிறு கீறல்கள் இட, அத்திசை தட்டையாகும். குறுக்குத் திசை அதற்கேற்ப வளைவு கூடும்.

நான்காவது லேசர். இதன் வரலாற்றில் நாம் அறிந்துகொள்ளவேண்டிய ஒருவர் உளர். சென்னைப் பல்கலைக்கழகத்திற் கற்று அமெரிக்கா சென்ற இரங்கசாமி சிறீனிவாசன் என்னும் இரசாயன அறிஞர், 1981 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், நன்றிசெலுத்தற் பெருநாள் விருந்தில் எஞ்சிய வான்கோழி இறைச்சியின் மீது எக்சைமர் லேசர்க் கதிரைச் செலுத்திப் பார்த்தார். 193 நனோமீற்றர் அலைநீளமுடைய அக்கதிர் அயலிடத்தைச் சுடாது, பட்ட இடத்தை மாத்திரம் ஆவியாக்கி அகற்றிற்று. இவ்வியல்பைக் கண்வைத்தியத்துக்குப் பயன்படுத்தலாம் என்பதை ஸ்ரீபன் துரோக்கல் என்பாரும் அவரும் 1983 ஆம் ஆண்டிற் காட்டினர். மேலணியை நீக்கிவிட்டு மேற்பரப்பில் இக்கதிரைச் செலுத்துவது ஒரு முறை, பி.ஆர்.கே. எனப்படும். மேற்பகுதியை மெல்லிய மடலாகக் கீறி உயர்த்தி, உள்ளே கதிரைச் செலுத்தி, மடலை மீள மூடுவது மற்றொரு முறை, லேசிக் எனப்படும். பொகோட்டா நகரத்துப் பராக்கெர் 1949 ஆம் ஆண்டளவில் தொடங்கிய படலச் சீவல் முறையும் எக்சைமர் லேசரும் கூடிப் பிறந்ததே பின்னையது.

ஐந்தாவது, கண்புரை உள்ளவர்க்கு வில்லையை அகற்றுங்கால், வளைவுச் சமமின்மையைத் திருத்தும் செயற்கை வில்லையை உள்ளே பொருத்துதல்.

நேரக்கூடிய இடர்கள்

புத்தம்புதிய கண்ணில் லேசிக் செய்வதும் ஒட்டிய கண்ணில் அதனைச் செய்வதும் ஒன்றெனக் கருதுதல் பெரும் பிழை. முன்னையது இயற்கையான துணியை மட்டஞ் செய்வது போன்றது; பின்னையது தைத்த இடத்தின் மீது மீண்டும் கத்தரி வைப்பது போன்றது. இடர்களை ஒவ்வொன்றாய்க் காண்போம்.

1. மடல் கீறுதலே வளைவை மாற்றிவிடும். ஒட்டிய விழியில் இழுவைகள் பல திசையிலும் அடங்கிக் கிடக்கும். மடலைக் கீறியவுடன் அவை விடுபட, முன்னர் அளந்த அளவு பொய்த்துப்போகும். இதனாலேயே வைத்தியர் சிலர் முதலில் மடலை மாத்திரம் கீறி மூடிவிட்டு, சில கிழமைகளோ மாதங்களோ பொறுத்து, மீள அளந்து, அதன் பின்னரே லேசரைப் பயன்படுத்துவர்.

2. மடல் கிழிதல். ஒட்டிய படலம் பெரும்பாலும் மிகச் செங்குத்தாக வளைந்திருக்கும். அத்தகைய வளைவிற் கத்தி ஓடுங்கால் மடலின் நடுவே துளை விழக்கூடும். மடலை லேசராலேயே கீறும் முறை இவ்விடரைக் குறைத்ததேயன்றி முற்றும் ஒழிக்கவில்லை.

3. ஒட்டுவாய் திறத்தல். மடல் கீறுதற்காகக் கண்ணை உறிஞ்சிப் பிடிக்கும் வளையம், கண்ணின் உள்ளமுக்கத்தைச் சிறிது நேரம் இரச நிரலில் 65 மில்லிமீற்றருக்கு மேல் உயர்த்தவல்லது. இயல்பான அமுக்கமோ 10 முதல் 21 வரை. குருதிக் குழாய் இல்லாத இழையத்திற் காயம் மெல்லவே ஆறும்; ஆறிய பின்னரும் பழைய உரத்தை முற்றும் பெறுவதில்லை. ஒட்டு வைத்துப் பல ஆண்டுகள் சென்ற பின்னர் அடிபட்டுத் தழும்பு பிளந்த கண்களும் உள.

4. மேலணி உள்வளர்தல். மடலின் ஓரத்தாலோ, பழைய தழும்பின் வழியாலோ மேலணிக் கலங்கள் அடியிற் புகுந்து வளரலாம். அங்ஙனம் வளரின் மடலை உயர்த்திச் சுரண்டி எடுக்க நேரும்.

5. மூட்டம். பி.ஆர்.கே. முறையில் மடல் இல்லை. ஆதலின் மேற்கூறிய இடர்களுட் பல இல்லை. ஆயின் ஒட்டிய விழியில் மேற்பரப்பு ஆறுங்காலத்து வெண்மூட்டம் படிதலும், திருத்திய அளவு மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புதலும் இயற்கை விழியிற் காண்பதினும் மிகுதி. மைற்றோமைசின் என்னும் மருந்தைச் சில நொடிகள் தடவுதல் மூட்டத்தைக் குறைக்கும்.

6. ஒட்டு மறுப்பு. எச்சத்திரசிகிச்சையும் கண்ணில் அழற்சியை எழுப்பும். உறங்கிக் கிடந்த நிர்ப்பீடனம் அதனால் விழித்தெழுந்து ஒட்டைத் தாக்கக்கூடும். தாக்கப்படுவன பெரும்பாலும் மீளப் பெருகாத அகவணிக் கலங்கள். இதனாலேயே சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஸ்ரீறொயிட்டுத் துளிமருந்து விதிக்கப்படுகின்றது. அதுவும் நெடுங்காலம் அளவின்றி இடப்படின் கண்ணின் அமுக்கத்தை உயர்த்தும், கண்புரையையும் தரும்.

7. உணர்வின்மையும் ஆறாப் புண்ணும். ஒட்டு வைக்குங்கால் படலத்தின் நரம்புகள் ஒருமுறை அறுபட்டன. மடல் கீறுங்கால் மீள முளைத்தவையும் அறுபடும். உணர்வு குறைந்த விழி கண்ணீர் சுரத்தலிற் குறைபடும், இமைத்தலிற் சோம்பும், மேலணி ஆறாது புண்ணாகும், அப்புண்வழிக் கிருமி புகும்.

8. தடிப்புக் குறைதல். மாணவர் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தடிப்பு 0.54 மில்லிமீற்றர், மடல் 0.12, 6 மில்லிமீற்றர் வட்டத்தில் ஒரு தயொத்தருக்கு ஏறத்தாழ 0.012 வீதம் 5 தயொத்தருக்கு 0.06. எஞ்சுவது 0.36. மடலின் அடியில் 0.25 மில்லிமீற்றராயினும் எஞ்சவேண்டும் என்பது பழைய விதி, 0.30 வேண்டும் என்பாரும் பலர். ஒட்டிய படலம் ஓரிடத்தில் மெலிந்திருப்பின் இக்கணக்கு அங்கே பொய்த்து, படலம் முன்னோக்கிப் பிதுங்கும். கூம்புவிழி நோய்க்காக ஒட்டு வைத்தவர்க்கு ஓரத்தில் எஞ்சிய பழைய படலம் ஏற்கெனவே மெலிந்திருக்கலாம்.

9. அளவு தவறுதல். தளர்த்தும் வெட்டு ஒருவர்க்கு 2 தயொத்தரையும், அதே நீள வெட்டு மற்றொருவர்க்கு 6 தயொத்தரையும் திருத்தலாம். சில வேளை படலம் துளைபடும். சில வேளை திருத்தம் மிகுந்து எதிர்த்திசையிற் குறை தோன்றும். லேசரோ ஓரளவுக்கு மேற்பட்ட சமமின்மையைத் தீர்க்கமாட்டாது. உள்வில்லையும் சீரான சமமின்மையையே திருத்தும். பின்னர் ஒட்டு கெட்டுப் புதிய ஒட்டு வைக்க நேரின், முன்னர் அளந்து வைத்த வில்லை புதிய வளைவோடு பொருந்தாது.

எதனை எதற்கு ஈடாக வைப்பது?

இவ்விடர்கள் யாவும் எல்லார்க்கும் நேரும் என எவரும் அஞ்சற்க. தக்க கண்ணைத் தெரிந்து, தக்க காலத்திற் செய்த திருத்தத்தாற் பயன்பெற்றோர் பலர். கண்ணாடியும் தொடுகை வில்லையும் முற்றாகப் பயன்படாத ஒருவர்க்கு இச்சிகிச்சை வாழ்வு தருவதாகும். நாம் கூற விரும்புவது, இஃது அழகுக்காகச் செய்யும் சிறு காரியம் அன்று என்பதே.

நம்மிடம் தமிழ் கற்ற இளைஞர் ஒருவர் கூம்புவிழி நோயால் வருந்தி ஒரு கண்ணில் ஒட்டுப் பெற்றவர். ஒருநாள் அவர் நம்மிடம், “சேர், லேசர் செய்தால் கண்ணாடியே வேண்டாமாம் என்று விளம்பரத்திலே போட்டிருக்கினம், நானும் செய்விக்கலாமோ?” என்று கேட்டார். “தம்பி, கண்ணாடியோடு உமக்கு எவ்வளவு தெரிகிறது?” என்று வினவினோம். “படிக்கலாம், சைக்கிள் ஓடலாம், எல்லாம் செய்யலாம் சேர். ஆனால் படத்துக்கு நிற்கேக்கை கழற்ற வேண்டியிருக்குது” என்றார். அவரை அவருடைய கண்வைத்திய நிபுணரிடமே சென்று கேட்கும்படி கூறினோம். நிபுணர் அளந்து பார்த்து, அவர் படலத்தின் ஒரு புறம் மெலிந்திருத்தலைக் காட்டி, கண்ணாடியே நன்று என்றனராம். அவ்விளைஞர் சின்னாள் மனம் வாடினார். பின்னர் நல்ல சட்டம் உடைய கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டார்.

விளம்பரம் பொய் கூறிற்று என்பது நம் கருத்தன்று. அஃது இயற்கை விழி உடையார்க்கு எழுதப்பட்டது. ஒட்டு விழி உடையார் அதனைத் தமக்கு எனக் கொண்டனர். யார்க்குக் கூறிய மொழி என்பதை நோக்காது பொருள் கொள்ளல் இலக்கியத்திற் குற்றம், வைத்தியத்தில் ஆபத்து.

காக்கும் நெறிகள்

இடரைக் குறைப்பதற்கு அறிஞர் கண்ட நெறிகள் சில உள. ஒட்டு வைத்த பின் ஓராண்டுக்குக் குறையாது, பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை பொறுத்தல் வேண்டும். தையல் யாவும் எடுபட்ட பின்னரும் சில மாதம் காத்து, இருமுறை அளந்த அளவுகள் ஒத்திருத்தலைக் காணல் வேண்டும். அகவணிக் கலங்களை எண்ணிப் பார்த்தலும், படலத்தின் தடிப்பையும் வளைவையும் இடந்தோறும் வரைபடமாக்கிப் பார்த்தலும் வேண்டும். முன்னர் ஒட்டு மறுப்பு நேர்ந்த கண்ணாயின் மேலும் அஞ்சி நடத்தல் வேண்டும்.

நோயை முளையிலேயே தடுத்தலும் இப்போது இயல்வதாயிற்று. கூம்புவிழியை இளமையிற் கண்டறிந்தால், வைற்றமின் பி2 எனப்படும் இரைபோபிளேவின் துளியும் ஊதாக்கடந்த கதிரும் கொண்டு படலத்தின் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து நோயை நிறுத்தலாம். ஜேர்மனியின் திரெஸ்டன் நகரத்து ஆய்வாளர் இதன் பயனை 2003 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒட்டு வேண்டியவர்க்கும், அகவணி நலமாயின் அதனை விட்டு முன்னடுக்கை மாத்திரம் மாற்றுவர். அகவணி மாத்திரம் பழுதாயின் அதனை மாத்திரம் தையலின்றிக் காற்றுக்குமிழால் ஒட்டுவர். முன்னையதில் அகவணி மறுப்பு இல்லை. பின்னையதில் வளைவு பெரிதும் மாறுவதில்லை.

ஆசிரியர்க்கும் இதிற் கடமை உண்டு. மேல்வகுப்பு மாணவர் ஒருவர் ஆண்டுதோறும் கண்ணாடி மாற்றியும் கரும்பலகை தெரியாது தலைசாய்த்துப் பார்ப்பாராயின், கண்ணை ஓயாது கசக்குவாராயின், அவர்க்கு வேண்டியது கண்டிப்பன்று; கண்வைத்திய நிபுணரின் சோதனை. கண்ணைக் கசக்கும் பழக்கம் கூம்புவிழியை வளர்க்கும் என்பதையும் சிறார்க்கு உணர்த்துதல் நன்று. ஒட்டுப் பெற்ற மாணவர் துடுப்பாட்டத்தின்போது காப்புக்கண்ணாடி அணியாது களத்தில் இறங்குதல் ஆகாது.

கேட்கத்தக்க வினாக்கள்

ஒப்புதற் பத்திரத்திற் கையொப்பம் இடுமுன், ஒட்டு விழி உடையார் தம் வைத்தியரிடம் பின்வருவனவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

கண்ணாடியாலும் தொடுகை வில்லையாலும் எனக்குக் கிடைக்கக்கூடிய மிகச்சிறந்த பார்வை எவ்வளவு?

தையல்கள் யாவும் எடுபட்டனவா? இறுதி அளவுகள் ஒத்திருக்கின்றனவா?

என் ஒட்டின் அகவணிக் கலங்கள் எத்தனை? மிக மெலிந்த இடத்தின் தடிப்பு எவ்வளவு?

சிகிச்சையின் பின் கண்ணாடி முற்றும் நீங்குமா, அன்றி அதன் வலு குறையுமா?

எண்ணியபடி ஆகாவிடின் அடுத்த வழி யாது? மீண்டும் ஒட்டு வைக்க நேருமா?

சிவப்பு, ஒளிக்கூச்சம், பார்வைக் குறைவு, நோவு ஆகிய நான்கில் ஒன்று தோன்றினும் நான் எங்கே, எத்துணை விரைவில் வருதல் வேண்டும்?

இறுதி வினாவை ஒட்டுப் பெற்றோர் அனைவரும் வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்தல் வேண்டும். அந்நான்கும் ஒட்டு மறுப்பின் அறிகுறிகள். அன்றே சென்றால் துளிமருந்தால் ஒட்டைக் காக்கலாம். அடுத்த கிழமை பார்ப்போம் என இருப்பின் காலங்கடந்துவிடும்.

ஒட்டிய விழி இருவர்க்கு உரியது. ஒருவர் கண்மூடிச் சென்றுவிட்டார். மற்றவர் அவர் தந்ததைக் கொண்டு காண்கின்றார். மேலும் கூர்மையாகக் காண விரும்புதல் குற்றமன்று. அவ்விருப்பத்தால், பெற்ற ஒளியும் போய்விடாதவாறு அளந்து, கேட்டு, பொறுத்துச் செய்தல் கடன். நம் கல்லூரியிற் கற்றவருள் வைத்தியராய் விளங்குவோர் தம்மிடம் வரும் எளியோர்க்கு இவ்வினாக்களின் விடைகளை நல்ல தமிழில் எடுத்துரைப்பாராக. கற்கின்ற மாணவர் கண்தானப் பத்திரத்தின் பொருளைத் தம் பெற்றோர்க்கு வாசித்துக் காட்டுவாராக.